பலா காய்த்த பாட்டுப்பெட்டி

தென்காசியில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் பிரமநாயகத்துக்குப் புளுகு எப்போது வரும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி கோமதிக்கு மட்டும் தெரியும். புளுகு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இடது காது சிவக்கும். முதலில் மடல் மட்டும் சிவக்கும், அப்புறம் மேலே ஏறும். காது முழுக்கச் சிவந்துவிட்டால் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. தும்மல் மாதிரிதான் அதுவும், வந்து முடிந்தால்தான் மனுஷனுக்கு நிம்மதி.

அந்தக் காதினால் மகள் வடிவுக்கு இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. முதலில் வந்த சங்கரன்கோவில்காரர்களிடம், ஓடுகிற ரயிலில் பெட்டி கழன்றுகொண்டபோது தன் கடை ஊக்கு ஒன்றைக் குத்திச் சேர்த்துச் செங்கோட்டை வரை கொண்டுபோனதாகச் சொன்னார். பையனின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அடுத்து வந்தவர்களிடம், குற்றாலம் மெயினருவியைத் தான் ஒரு குடையைப் பிடித்து நிறுத்தியதையும், கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் சோப்பு நுரையோடு தன்னைத் திட்டியதையும் சொன்னார். "எங்களுக்குப் பொண்ணுதான் வேணும், கதை வேண்டாம்" என்று பையனின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது இடம் அம்பாசமுத்திரம். பையன் நம்பிராஜன் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறான். போட்டோவைக் காட்டியபோது வடிவு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் போட்டோவைத் திருப்பித் தரவில்லை. பெற்றவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? இந்த இடமும் போனால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

அதனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாளே கற்பூரத்தைக் கொளுத்தி, பிரமநாயகத்தை அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"அவுக வந்துட்டுத் திரும்பிப் போற வரைக்கும் ஒரு புளுகு, ஒரே ஒரு புளுகு, உங்க வாயில இருந்து வரப்படாது."

"வந்தா?"

"நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

பிரமநாயகம் கருகின விரலை ஊதிக்கொண்டே கேட்டார். "அப்போ அவுககிட்ட என்னத்தப் பேச?"

அவருடைய புளுகில் பாதிக்கு மேல் ஊற்று, ஹாலில் நின்ற பழைய ரெக்கார்டு பிளேயர்தான். நாலு கால், மரமூடி, ஸ்பீக்கரும் உள்ளேயே அடக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதி அதைத் திறந்து தூசி தட்டினாள், மூடினாள், மேலே ஒரு போர்வையைப் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்து மறைத்தாள். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாள். திரையைக் கட்டக் கயிறு பத்தவில்லை. தூசி தட்டும்போது பெட்டிக்குள் ஒரு கறுப்பு எலாஸ்டிக் வளையம் பார்த்திருந்தாள். கடையில் மிஞ்சினதை இந்த மனுஷன் எங்கேதான் போட்டு வைக்க மாட்டார் என்று சலித்துக்கொண்டு, அதை எடுத்து இழுத்துக் கட்டினாள். திரை கச்சிதமாக நின்றது.

பத்தரைக்கு அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா சிவசைலம் நெடுநெடுவென்று இருந்தார், வாயை இறுக மூடியிருந்தார். அம்மா உலகம்மாள் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் வாழை இலைப் பொட்டலம். பிச்சிப்பூ வாசனை ஹாலெல்லாம் வந்தது. பெண் பிடித்து, வீடும் பிடித்தால் மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே பூ வைத்துவிடுவாள். பிடிக்காவிட்டால் பை திறக்காமலே போகும். கோமதி அதற்கப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். நம்பிராஜன் நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள். அதெல்லாம் நல்லபடியாக நடந்தது. பிரமநாயகம் கைகட்டி, வெயில் ஜாஸ்தி என்றார். உண்மை. பஸ்ஸில் கூட்டமா என்றார். அதில் பொய்க்கு இடமில்லை. இப்படியே முடிந்தால் இலஞ்சிக் குமாரருக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று கோமதி நேர்ந்துகொண்டாள்.

அப்போதுதான் சிவசைலம் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன, தையல் மிஷினா?"

"இல்ல அண்ணாச்சி. ரெக்கார்டு பிளேயரு" என்றார் பிரமநாயகம்.

"பழசு. சும்மா கெடக்கு" என்றாள் கோமதி அவசரமாக.

சிவசைலம் பூச்சாடியை இறக்கிவிட்டுப் போர்வையை விலக்கினார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து கால்களைப் பார்த்தார், மூடியை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்கு. ஆனா இந்த மரமூடி எடுப்பா இல்லையே. கண்ணாடி மூடியா இருந்தா தட்டு சுத்துறதப் பாக்கலாம். சவுண்டும் உள்ளேயே அமுங்கிரும். முள்ள மாத்தி, பெல்ட்ட மாத்தி, ஸ்பீக்கரத் தனியாப் பிரிச்சு வச்சா ஒருவேளை காதுகுடுத்துக் கேக்கலாம்."

"அப்பா, இந்த மாதிரி கிளாசிக் பீஸையெல்லாம் கைவைக்காம வச்சிருந்தாத்தான் அழகு" என்றான் நம்பிராஜன்.

"நீ சும்மா இரு. அழகை வச்சுப் பாட்டுக் கேக்க முடியுமா?"

பிரமநாயகம், "ஆமா அண்ணாச்சி" என்றார். கோமதிக்குப் பெருமையாக இருந்தது. என் புருஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அவருடைய இடது காது மடல் குங்குமமாகிவிட்டது.

"சவுண்டச் சொல்லுங்க, சரி. மரத்த மட்டும் ஒண்ணும் சொல்லாதிய அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். "அது அச்சன்கோவில் மலையில நின்ன பலா. மரத்த வெட்டிட்டானுவளே தவிர, அதுகிட்ட ஒருத்தனும் சொல்லல. அது இன்னும் மலையில நிக்கிறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கு. வருஷா வருஷம் பங்குனியில மூடி துளிர்க்கும். கிளைய ஒடிச்சு விட்டாத்தான் மூடவே முடியும். போன ஆனியில பின்பக்கமா ரெண்டு பழம்."

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை.

"பலாவா?" சிவசைலத்தின் புருவம் ஏறியது. "பாத்தா தேக்கு மாதிரில்லா இருக்கு."

"வெளியாளுக வந்தா அப்படித்தான் காட்டும். கூச்ச சுபாவம்."

"பழம் என்ன ஜாதி? வருக்கையா, கூழனா?"

"வருக்கைதான் அண்ணாச்சி. சுளையக் காதுகிட்ட வச்சா லேசாப் பாட்டுக் கேக்கும். கொட்டைய மட்டும் நாங்க அவிக்கிறதில்ல. வயித்துக்குள்ள போய்த் தாளம் போடுது."

கேலி பண்ணுகிறார், வந்த மனுஷன் நம்மைக் கேலி பண்ணுகிறார் என்று கோமதிக்குக் கூசியது. சிவசைலத்தின் வலது முழங்கால் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. கோபத்தை அடக்குகிறவர்களுக்குத்தான் அப்படி ஆடும். பக்கத்தில் உலகம்மாள் முந்தானைக்கு அடியில் கையை விட்டுப் புருஷனை நறுக்கென்று கிள்ளினாள். கிளம்பச் சொல்கிறாள் போல. பை அவள் மடியில் மூடியபடியே இருந்தது.

"அண்ணாச்சி இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கிடுங்க" என்று கோமதி தட்டை நீட்டினாள். வாயில் பஜ்ஜி இருந்தால் யாராவது ஒருவராவது பேசாமல் இருப்பார்களே. சிவசைலம் பஜ்ஜியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மரம் கெடக்கட்டும். சவுண்டு?"

"சவுண்டா?" காது இப்போது பாதி சிவந்திருந்தது. "ஒரு கச்சேரித் தட்டு போட்டேன். பாட்டு எல்லாருக்கும் கேக்கும், அதுல என்ன? எனக்கு மிருதங்கக்காரர் வயித்துக்குள்ள இட்லி இறங்குறது கேட்டுச்சு. சட்னி தேங்காயா தக்காளியான்னுதான் நெதானமாத் தெரியல. பாடுறவரு பல்லவிக்கு முன்னால மூச்சு இழுப்பாரு பாத்தியளா, அந்த இழுப்புல இந்த ஜன்னல் திரை அப்படியே வந்து பெட்டியில ஒட்டிக்கிட்டு. அதான் இப்ப புதுத்திரை."

திரை புதிதாக இருந்தது உண்மைதான். சிவசைலம் திரும்பி அதைப் பார்த்தார். ஒரு பொய்க்குத் தன் கையாலேயே சாட்சி கட்டித் தொங்கவிட்டோமே என்று கோமதி நொந்துபோனாள்.

"இன்னொரு நாள் ஒரு தாலாட்டுத் தட்டு" என்று பிரமநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "முதல் அடி முடியலை, இவ அடுப்படியில கரண்டியோட தூங்கிட்டா. அடுத்த வீடு, எதுத்த வீடு, தெருவே தூங்கிட்டு. பால்காரன் கறந்துக்கிட்டு இருக்கும்போதே தூங்கிட்டான். மாடும் தூங்கிட்டு. பால் மட்டும் அது பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கு. மெயின் ரோட்டுல சுரண்டை பஸ்ஸு வந்துச்சு. டிரைவர் கண்டக்டர் மட்டுமில்ல, பஸ்ஸே குறட்டை விட்டுச்சு."

"ஊரே தூங்குனா நீங்க எப்படி முழிச்சிருந்திய?" சிவசைலம் சட்டென்று மடக்கினார்.

உலகம்மாள் நிமிர்ந்தாள். நம்பிராஜன் நிமிர்ந்தான். சிக்கினார் என்று கோமதிக்கே தோன்றியது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், இதற்கு என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

"நான் எங்க அண்ணாச்சி முழிச்சிருந்தேன்? நானும்தான் தூங்கிட்டேன். தட்டுதான் பாத்துச்சு. இதுக சோறு தண்ணியில்லாமச் செத்துப்போகும்னு தானே திரும்பிப் படுத்துக்கிட்டு, மறுபக்கத்துல இருந்த திருப்பள்ளியெழுச்சியப் பாடி எங்களை எழுப்பி விட்டுச்சு."

சிவசைலத்தின் முழங்கால் நின்றது. அவர் பஜ்ஜியைப் பார்த்தார், பலகாரத் தட்டில் திரும்ப வைத்தார். "சரி. அப்கிரேடு ஏதாவது பண்ணியிருக்கியளா?" என்றார். குரல் கம்மியிருந்தது.

"பண்ணாம இருப்பனா! முதல்ல கருவேல முள்ளு போட்டேன். சரிப்படல. பாடுற ஆளுக்குத் தொண்ட வறண்டு, பாட்டுக்கு நடுவுல தண்ணி கேட்டாரு. அப்புறம் ரோஜா முள்ளு. அதுல சாமி பாட்டு போட்டாக்கூட காதல் பாட்டு மாதிரி கேட்டுச்சு, வயசுப் பொண்ணு இருக்கிற வீடு பாருங்க, கழட்டிட்டேன். ஒருத்தன் நெத்திலி முள்ளு போடுங்கன்னான். நம்ம சைவ வீடுல்லா. வேண்டாம்னுட்டேன்."

"நல்ல முடிவு" என்றார் சிவசைலம் மிகவும் மரியாதையாக.

"கடைசியா எலுமிச்ச முள்ளு. இப்ப அதான் ஓடுது. குரல்ல ஒரு பளபளப்பு. பெல்ட்டும் மாத்துனேன். நம்ம கடை எலாஸ்டிக்தான். மாட்டுன அன்னைக்குக் கொஞ்சம் இறுக்கமாப் போச்சு. சுவிட்சப் போட்டேன், தட்டு வெடுக்குன்னு எழும்பி ஜன்னல் வழியாப் பறந்துட்டு. குத்தாலம் மலைப் பக்கமாப் போறது தெரியுது, பாட்டு மட்டும் கேக்குது. சாயங்காலம் திரும்பி வந்துச்சு. ஈரத்தோட, உடம்பெல்லாம் நல்லெண்ணெ வாசனை."

"எந்த அருவி?"

"ஐந்தருவி. மெயினருவியில அன்னைக்குக் கூட்டம்."

வடிவு அடுப்படி வாசலில் தலையைக் குனிந்து நின்றாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று கோமதி நினைத்தாள். உலகம்மாள் பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்தாள். சிவசைலம் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்தார்.

"போடுங்க. கேப்போம்" என்றார்.

"அதுக்கென்ன!" பிரமநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். தட்டை உறையிலிருந்து எடுத்தார், ஊதினார், வேட்டி முனையால் துடைத்து வைத்தார். சுவிட்சைப் போட்டார். உள்ளே மோட்டார் முனகியது. தட்டு அசையவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். பெல்ட் இருந்த இடம் காலி. மெதுவாக நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தவர், ஜன்னலில் திரையைக் கட்டியிருந்த கறுப்பு எலாஸ்டிக்கில் பார்வையை நிறுத்தினார்.

அப்போதுதான் கோமதிக்கும் புரிந்தது. ஐயோ, இத்தனை புளுகிலும் ஒரே உண்மை, கடை எலாஸ்டிக் போட்ட அந்தப் பெட்டி பாடும் என்பதுதான். அதையும் தானே கெடுத்துவிட்டோமே!

பிரமநாயகம் மனைவியை ஒரு தடவை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. முள்ளைத் தூக்கி, நிற்கிற தட்டின் மேல் பூப்போல வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

"தட்டு சுத்தலையே" என்றான் நம்பிராஜன்.

"நல்ல பம்பரம் சுத்தும்போது தூங்குறாப்பலதானே தெரியும் தம்பி? இதுவும் அப்படித்தான்."

"பாட்டே கேக்கலையே!" என்றாள் உலகம்மாள்.

"அதான் மதினி அப்கிரேடு. பழைய தட்டுல கரகரன்னு இரைச்சல் வரும்லா. அத எடுத்தேன். இன்னும் கொஞ்சம் இருந்துச்சு, அதையும் எடுத்தேன். எடுத்து எடுத்து இப்ப அவ்வளவு சுத்தம். ரொம்பப் பழகின காதுக்குத்தான் பிடிபடும்."

இனிமேல் அண்ணன் வீடுதான், என்னென்ன சேலையை எடுத்து வைக்கலாம் என்று கோமதி யோசிக்க ஆரம்பித்தாள்.

சிவசைலம் நின்றபடியே இருந்தார். உதடு துடித்தது. உலகம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. பொத்தென்று உட்கார்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தலை மெல்ல மெல்ல ஆடியது.

"பாட்டு நல்லா இருக்கு" என்றார். "ஆனா வயலின் கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

பிரமநாயகம் ஒரு கண்ணைத் திறந்தார். "தூக்கலா? பாடுறவரு இன்னைக்குக் கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்காரு அண்ணாச்சி. விருந்தாளி வந்திருக்கியல்லா, கூச்சம்."

"அப்போ சரணத்துல சரியாயிரும். அந்தா, தொண்டையச் செருமுதாரு பாத்தியளா!"

"போச்சு!" என்று உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவநாசத்துல ஆத்துத் தண்ணியில நிக்க வச்சுச் சத்தியம் வாங்கிட்டு வந்தேன் மதினி. இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் புளுகாம இருங்கன்னு! இவுக வாயால எம்பிள்ளைக்கு ஏற்கெனவே மூணு இடம் தட்டிப்போச்சு!"

அவ்வளவு நேரம் ஆடின முழங்கால் எதற்கு ஆடியது என்று கோமதிக்கு இப்போது விளங்கியது. "நான் கற்பூரத்துல வாங்குனேன் மதினி" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

சிவசைலத்தை இனி யாரும் தடுக்கவில்லை. "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்றார். "கண்ணாடி மூடி. அது வெறும் கண்ணாடி இல்ல, மார்கழியில பொதிகை மலையில விழுந்த பனி, பதமாக் காய்ச்சி ஊத்துனது. நான் அத வெளியில சொல்றதில்ல, யாரும் நம்பமாட்டான். ஒரு நாள் நானும் பெல்ட்ட இறுக்கிப் போட்டுட்டேன். உங்களுக்குத் தட்டு மட்டும்தானே பறந்துச்சு? எனக்குப் பெட்டியே போயிட்டு. சாயங்காலம் ஈரத்தோட வந்து நிக்கி. எங்க போனேன்னு கேட்டேன். ஐந்தருவின்னுச்சு. அங்க தென்காசித் தட்டு ஒண்ணப் பாத்தேன், நல்ல குடும்பம் மாதிரி தெரியுது, பொண்ணு இருக்காம், நம்ம தம்பிக்குக் கேட்டுப் பாருங்கன்னுச்சு. அதக் கேட்டுத்தான் சம்பந்தி நாங்க வந்ததே!"

சம்பந்தி! பிரமநாயகம் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனந்தத்தில் வாயடைத்துப் போய் நின்றார். அவர் பேச்சில்லாமல் நின்று கோமதி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. தான் இருபத்தேழு வருஷம் பட்டது மகளுக்கும் வேண்டுமா? நம்பிராஜனைப் பார்த்து நேராகவே கேட்டாள். "தம்பி, நீங்களும் இப்படித்தானா?"

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் பொறந்ததுல இருந்து ஒரு பொய்கூடச் சொன்னதில்ல அத்தை."

இரண்டு தகப்பன்மாரும் பிடியை விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். உலகம்மாள் கூரையைப் பார்த்தாள்.

கோமதிக்கு இனி மகள் ஒருத்திதான் பாக்கி. இந்த வீட்டில் கணக்காகப் பேசுகிறவள், நறுக்கென்று உண்மையைச் சொல்லிவிடுகிறவள். அவளைப் பார்த்தாள். வடிவு அடுப்படி வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை அது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த முகம்.

"அப்பா" என்றாள் வடிவு. "பாட்டு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! முள்ளு சும்மா தேயுது பாருங்க. தட்டத் திருப்பிப் போடுங்க."

பேச்சு அப்பாவிடம் என்றாலும், கண் நம்பிராஜன் மேல் இருந்தது. உலகம்மாள் பையைத் திறந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு முழப் பிச்சிப்பூவை எடுத்து வடிவின் தலையில் வைத்தாள். கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரமநாயகம் தட்டைத் திருப்பிப் போடப் பெட்டிப் பக்கம் போனார்.

"நீங்க உக்காருங்க" என்றாள் கோமதி. "அதுதான் தானே திரும்பிக்கிடுமே."

அவளுடைய இடது காது சிவந்திருந்தது.